அண்ணாந்து குடித்த தண்ணீர்

தம்பி,

வீட்டில் உன்னைக் கூப்பிடும் இந்தப் பெயரிலேயே எழுதுகிறேன். பெற்ற மகனைத் தம்பி என்பது எங்கள் பக்கத்து வழக்கம். உன் சொந்தப் பெயர் இதில் வராது, என்னுடையதும் வராது. அழைப்பு மணியில் பெயர் ஒட்டுவதற்கே யோசித்தவள் நான் என்பது உனக்குத் தெரியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட கேள்விக்குத் தொலைபேசியில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இங்கே ஜேர்மனியில், எர்லாங்கனில் உனக்கு ஒரு வேலை காத்திருக்கிறது, ஏப்ரலில் தொடங்க வேண்டும். டோகோவில் நீ வேலை செய்யும் தண்ணீர்த் திட்டம் இன்னும் மூன்று வருடம் இருக்கச் சொல்கிறது. இரண்டு பக்கத்துக்கும் இந்த மாத முடிவுக்குள் பதில் வேண்டும். நீ இதைச் சொல்லி முடிக்கும் முன்பே அப்பா, "இதில யோசிக்க என்ன கிடக்கு?" என்றார். "நாங்கள் ஓடி வந்தது, நீ திரும்பவும் வாளியோட தண்ணிக்கு நிக்கிற ஊருக்குப் போறதுக்கோ?" என்று கேட்டுவிட்டுப் பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் உன் பக்கத்தில் ஆடுகள் கத்துவது மட்டும் கேட்டது. பிறகு நீ, "நீங்கள் என்ன சொல்லுறியள் அம்மா?" என்றாய். "எழுதுறன்" என்றேன்.

இதை எல்லோரும் வாசிக்கும் இடத்தில் ஏன் எழுதுகிறேன் என்று நீ கேட்பாய். போன கோடையில், இங்கே ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர் முடிந்து, கால்வாய்க் கரையில் கழற்றிவிட்ட செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் உன்னோடு படித்த பெடியனின் தாய் வந்து கையைப் பிடித்தா. "மகன் எங்க அக்கா? கண்டு கனகாலம்." டோகோவில் என்றேன். "அது எங்க கிடக்கு?" மேற்கு ஆபிரிக்காவில் என்றேன். "அங்க எங்கட சனம் இருக்கோ?" இல்லை. "ஐயோ, அப்ப சோறு?" அரிசி எல்லா இடத்திலும் இருக்கிறது என்றேன். "அங்க என்னக்கா இருக்கு, போய் நிக்கிறதுக்கு?" நான் "பிராக்டிக்கும்" என்றேன், படிப்பை ஒட்டிய பயிற்சி வேலைக்கு ஜேர்மன் சொல். அந்த ஒரு சொல் போதும், பிள்ளை கெதியாகத் திரும்பி வந்துவிடும் என்று எல்லோருக்கும் ஆறுதலாகிவிடும். அவவுக்கும் ஆறுதலாகிவிட்டது, பஞ்சாமிர்தம் தந்துவிட்டுப் போனா. வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. அவ கேட்டது நல்ல கேள்வி. அங்கே என்ன இருக்கிறது? உன்னைப் பெற்ற எனக்கே தெரியாது. ஜனவரியில் விடுமுறை எடுத்துக்கொண்டு நான் வந்தது உன்னைப் பார்க்க மட்டுமல்ல, அந்தக் கேள்விக்கு விடை தேடவும்தான். அவவுக்குக் கொடுக்காமல் விட்ட பதிலையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

வருவதற்கு முன்பு நூலகத்தில் பெரிய நிலப்பட நூலை விரித்துப் பார்த்தேன். கானாவுக்கும் பெனினுக்கும் நடுவே, அலுமாரியில் இரண்டு தடித்த புத்தகங்களுக்கு இடையில் யாரோ செருகிவைத்த மெல்லிய புத்தகம் போல இருந்தது டோகோ. கடலைத் தொடும் பக்கம் மிகவும் ஒடுக்கம். காலையில் புறப்பட்டால் மத்தியானத்துக்கு முன்பே ஓர் எல்லையிலிருந்து மற்ற எல்லைக்குப் போய்விடலாம். ஆனால் தெற்கிலிருந்து வடக்கே நீண்டுகொண்டே போகிறது. கடல், மலை, புல்வெளி என்று மூன்று நான்கு நாடுகளுக்குரிய நிலங்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். நான் பெட்டியை அடுக்கியது ஒரே ஒரு நாட்டுக்குத்தான். பருத்திச் சட்டைகள், குடை, கொசு மருந்து, வெயிலுக்குப் பூசும் களிம்பு. வடக்கே நீ குடியிருக்கும் காரா ஊரில் முதல் விடியலில் நான் நடுங்கிக்கொண்டு போர்வையோடு வெளியே வந்தபோது நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "ஜேர்மனியில இருந்து வாற ஆளுக்குக் குளிர் எண்டா என்னெண்டு தெரியாதோ?" ஹார்மட்டான் என்ற காற்றைப் பற்றி நான் வாசித்திருந்தேன், பாலைவனத்திலிருந்து புழுதியைக் கொண்டுவரும் வறண்ட காற்று என்று. அது சூரியனைச் சந்திரனைப் போல வெளிறச் செய்யும் என்றோ, உதடு வெடித்து இரத்தம் வரும் என்றோ, விடியலில் பல் கிட்டும் என்றோ நான் நினைத்துப் பார்க்கவில்லை. குடையை அந்த நாட்டில் ஒருமுறைகூட விரிக்கவில்லை. உன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் இப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

தலைநகர் லோமேயில் இறங்கிய மறுநாள் நீ என்னைக் கிழக்கே கடற்கரைச் சாலையில் கூட்டிக்கொண்டு போனாய். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு, நடுவில் மணல் வரம்பு போல நீண்ட ஒரு நிலம், அதன் மேல் சாலையும் ஊர்களும். கடல் அந்த வரம்பைத் தின்றுகொண்டிருக்கிறது. வேர் வெளியே தெரியத் தென்னைகள் கடலுக்குள் சாய்ந்திருந்தன. ஒரு வீட்டின் பாதிச் சுவர் மட்டும் நின்றது, அதில் சன்னல் இருந்தது, சன்னலுக்குள் கடல் இருந்தது. நான் எட்டு வயதில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவள். எனக்கு அங்கிருந்து நினைவில் உள்ளவை கொஞ்சம்தான், அவற்றிலும் பாதி மற்றவர்கள் சொன்னவை. ஆனால் அந்தக் களப்பின் மணம் மூக்கில் ஏறியதும் உடம்பு தானாகவே ஒரு கிணற்றைத் தேடியது. சாலையோரக் கடைக்காரப் பெண் ஒருத்தியிடம் அவள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உவரா நல்ல தண்ணியா என்று கேட்கச் சொல்லி உன்னை நச்சரித்தேன். கேட்டுவிட்டு நீ சொன்னாய்: "மேல நல்ல தண்ணி, ஆழமாக் கிண்டினா உப்பாம். கனக்க இறைச்சாலும் உப்பாம். எங்கட ஊர் மாதிரித்தான்." எனக்குப் பெருமையாக இருந்தது, ஏதோ பரீட்சையில் பாஸானது போல. செருப்பில் ஒட்டிய செம்மண்ணையும் காட்டி, இதுவும் எனக்குத் தெரிந்ததுதான் என்றேன். நீ காரைத் திருப்பினாய். "இது மட்டும்தான் உங்களுக்குத் தெரிஞ்ச நிலம், அம்மா. இனித்தான் நாடு தொடங்குது."

சரியாகத்தான் சொன்னாய். வடக்கே போகும் ஒரே பெருஞ்சாலையில் நாங்கள் போகப் போக நிலம் தன் உடுப்பை மாற்றிக்கொண்டே இருந்தது. அத்தாக்பமே பக்கத்தில் மேடும் பள்ளமுமாக மலைகள் எழும்பின. சாலையோரத்தில் தேக்கு மரங்கள் வரிசையாக நின்றன, இந்த நாட்டில் தேக்கை முதலில் கொண்டுவந்து நட்டவர்கள் ஜேர்மன்காரர்கள் என்று நீ சொன்னாய். முதலாம் உலகப் போர் வரைக்கும் அவர்கள்தான் அங்கே ஆண்டவர்கள் என்பதை நான் புத்தகத்தில் வாசித்திருந்தேன். மரமாக நிற்பதைப் பார்ப்பது வேறு. உன் கடவுச்சீட்டு ஜேர்மன் கடவுச்சீட்டு. உன் தகப்பன் ஜேர்மனிக்கு ஒரு துணிப் பையோடு அகதியாக வந்தவர். அந்தத் தேக்குகளுக்குக் கீழே நீ யாராக நிற்கிறாய் என்று யோசித்தேன். கேட்டபோது, "சனம் என்னைச் சீனாக்காரன் எண்டும் சொல்லுது, லெபனான்காரன் எண்டும் சொல்லுது. நான் எல்லாத்துக்கும் ஓம் எண்டுறன்" என்று சொல்லி வாழைப்பொரியல் வாங்க இறங்கிவிட்டாய். அந்த "எல்லாத்துக்கும் ஓம்" என்பதை நான் அப்போது ஒரு பகிடியாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அதற்கும் வடக்கே, புல்வெளி தொடங்கிய இடத்தில், நான் காரை நிறுத்தச் சொன்னேன். பனைகள். வேலியோரத்தில் வரிசையாக அல்ல, யாரும் நட்டதாகவே தெரியாமல், ஒன்று அங்கே ஒன்று இங்கே என்று புல்லுக்குள் நின்றன. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொன்றும் நடுவில் வயிறு தள்ளியிருந்தது, ஒல்லியான மனிதர் நடுவயதில் வைத்த தொப்பை போல. "அப்பான்ர சாதி" என்றாய் நீ. படமெடுத்து அவருக்கு அனுப்பினோம். "எங்கட பனை இல்லை" என்று ஒரே வரியில் பதில் வந்தது. பிறகு இன்னொரு வரி: "கிழங்கு போடுவினமோ?" போடுவார்கள் என்று நீ எழுதினாய், அவித்துச் சந்தையில் விற்பார்கள் என்றும். அதன் பிறகு அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை, ஆனால் அந்தப் படத்தை அவர் தன் தொலைபேசியின் முகப்பில் வைத்திருப்பதை நான் வீட்டுக்கு வந்த பிறகு பார்த்தேன்.

அலேஜோவில் சாலைக்காகப் பாறையை இரண்டாகப் பிளந்திருக்கிறார்கள். இரு புறமும் செங்குத்தாகக் கல், நடுவில் லொறிகள் ஒவ்வொன்றாக ஹோர்ன் அடித்துக்கொண்டு நுழைகின்றன. அங்கே மேட்டில் நிறுத்தி நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய், இந்த மலைத்தொடரில் பெய்யும் மழை எந்தப் பக்கம் போகும் என்று. எனக்குத் தெரியவில்லை. தெற்கே விழுந்தால் மோனோ ஆற்றுக்கு, வடக்கே விழுந்தால் ஓட்டி ஆற்றுக்கு, அங்கிருந்து கானாவுக்குள் சுற்றிப் போய் அதே கடலுக்கு என்று நீ கையை நீட்டிக் காட்டினாய். எனக்கு நீ ஆறு வயதில் ஊன்ட்றொப் கால்வாயின் கரையில் குந்தியிருந்தது கண்ணுக்குள் வந்தது. அம்மனைத் தீர்த்தமாட அழைத்து வந்திருந்தார்கள், எல்லோரும் அம்மனைப் பார்த்துக்கொண்டிருக்க, நீ தண்ணீரில் மிதந்த ஒரு மாவிலையையே பார்த்துக்கொண்டிருந்தாய். "அப்பா, இந்தத் தண்ணி எந்தப் பக்கம் போகுது?" "எங்கயும் போகாது. இது கால்வாய். நிக்குது." நீ நம்பவில்லை. எல்லோரும் சாப்பாட்டுக்குப் போன பிறகும் அந்த இலை நகருமா என்று பார்த்துக்கொண்டு நின்றாய். இலை நகரவில்லை, நீயும் நகரவில்லை. கடைசியில் அப்பா உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வரவேண்டியிருந்தது. அலேஜோவில் புழுதிக்குள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நீ கை நீட்டி நின்றபோது, உனக்கு இப்போதுதான் ஓடுகிற தண்ணீர் கிடைத்திருக்கிறது என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன்.

இனி நான் பட்ட வெட்கத்துக்கு வருகிறேன். இதை நீ உன் சிநேகிதர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டாய் என்று தெரியும், ஆகவே நானே எழுதிவிடுகிறேன். காராவுக்கு அப்பால் கபியே மக்களின் மலைகள். சரிவு முழுவதும் கல்லைப் பொறுக்கிப் படிப்படியாக வரம்பு கட்டி, அந்தப் படிகளில் சோளம் விதைக்கிறார்கள். நாங்கள் போனபோது அறுவடை முடிந்து கல்லும் தாளும்தான் இருந்தன. நீ குழாய்க்கிணற்றுக்குத் துளை போடப்போகும் ஊரில் எங்களை ஒரு வேப்ப மரத்துக்குக் கீழே இருத்தினார்கள். தண்ணீர்க் குழுவுக்குத் தலைவி மஸாலோ, என் வயது இருக்கும், பாதியாக வெட்டிய பெரிய சுரைக்குடுவை ஒன்றில் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினா. வந்தவருக்கு முதலில் தண்ணீர், பிறகுதான் பேச்சு என்பது அங்கே முறை. நீ என் பக்கம் குனிந்து, "வாயில வைக்காதேங்கோ, உங்களுக்கு ஒத்துவராது. சும்மா உதட்டில தொட்டுட்டுக் குடுங்கோ" என்று தமிழில் சொன்னாய். எனக்கு "வாயில வைக்காதேங்கோ" மட்டும்தான் மனதில் பதிந்தது. அடுத்தவர் வீட்டுப் பாத்திரத்தில் வாய் வைக்காமல் குடிப்பது எனக்குச் சின்ன வயதிலேயே பழக்கிய மரியாதை. செம்பென்றால் அண்ணாந்து ஊற்றினால் மெல்லிய கோடாக வாய்க்குள் விழும். நான் மிகப் பணிவாக அந்தக் குடுவையைத் தலைக்கு மேலே தூக்கி அண்ணாந்தேன்.

அகன்ற பாத்திரம் செம்பைப் போல ஊற்றாது என்பது தண்ணீர் முகத்தில் விழுந்த பிறகுதான் தெரிந்தது. மூக்குக்குள், காதுக்குள், சட்டைக்குள், மடியில். எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது, ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. என் காலடியில் மண் குடித்துக்கொண்டிருந்த தண்ணீரைத்தான் பார்த்தார்கள். பிறகு மஸாலோ ஏதோ சொன்னா, மரத்தடி முழுவதும் வெடித்துச் சிரித்தது. நீயும் சிரித்தாய். "என்னவாம்?" என்றேன், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "உங்கட நாட்டில மூக்காலயோ குடிக்கிறவை எண்டு கேக்கிறா." நான் அண்ணாந்து குடிப்பதைப் பற்றி விளக்கச் சொன்னேன், மற்றவர் பாத்திரம், மரியாதை என்றெல்லாம். நீ பிரெஞ்சில் நீளமாகச் சொன்னாய். மஸாலோ தலையை ஆட்டிக் கேட்டுவிட்டுக் குடுவையை எடுத்துக்கொண்டு போய், இந்த முறை கொஞ்சமாக, அடியில் மட்டும் நிறைத்துக் கொண்டுவந்தா. "எங்கட பாத்திரத்துக்கு வாய் வைச்சாத்தான் மரியாதையாம்," என்றாய். நான் உன் முகத்தைப் பார்க்காமல் வாய் வைத்து ஒரு மிடறு குடித்தேன். உவரும் இல்லை, நல்ல தண்ணியும் இல்லை. எங்கள் ஆட்கள் தண்ணீரை வகைப்படுத்தும் அந்த இரண்டு பெயருக்குள்ளும் அது அடங்கவில்லை. புகையும் இலையும் களிமண்ணும் கலந்த ஒரு ருசி. வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. நீதான் காராவுக்குத் திரும்பும் வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

பின்னேரம் மஸாலோ என்னை அந்தத் தண்ணீர் வந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனா. மலையிறங்கி, இன்னொரு சரிவு ஏறி இறங்கி, வறண்டுபோன ஓடை ஒன்று. மணலில் பெண்கள் குழி பறித்து வைத்திருந்தார்கள், குழியின் அடியில் தண்ணீர் வியர்வை போலக் கசிந்தது. சேரும்வரை பேசிக்கொண்டு காத்திருந்து, சின்னக் குடுவையால் கோலிக் கோலிப் பெரிய பாத்திரத்தில் ஊற்றினார்கள். என் சட்டை அப்போதும் ஈரமாக இருந்தது. அந்தச் சட்டையோடு அங்கே நின்றுகொண்டிருப்பது எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. மஸாலோ என் நிலைமையைப் பார்த்துவிட்டு ஈரத் தோளைத் தட்டிக் குழியைக் காட்டினா, பிழிந்து ஊற்று என்பது போல. இரண்டு பேரும் சிரித்தோம். அதற்கு ஒரு மொழியும் தேவைப்படவில்லை.

மறுநாள் துளையிடும் லொறி வந்தது. ஊர் முழுக்கப் பள்ளிக்கூட வளவில் கூடியிருந்தது. முதலில் செம்மண் வந்தது, பிறகு மஞ்சளாய் உதிரும் கல், பிறகு சாம்பல் நிறத்தில் மா. நிலம் மாவாக அரைபட்டு மேலே பறந்து எல்லோர் தலையிலும் படிந்தது. எல்லோரும் அந்த மா ஈரமாகிச் சேறாக வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மா மாவாகவே வந்துகொண்டிருந்தது. கடைசியில் இயந்திரக்காரர் உன்னைப் பார்த்துக் கையை விரித்தார், சத்தம் நின்றது. நான் அவர்கள் உன்னை ஏசுவார்கள் என்று பயந்தேன். ஒருவரும் ஏசவில்லை. மஸாலோ உன்னிடம் வந்து ஒன்று மட்டும் கேட்டா, "அடுத்தது எங்கே?" நீ எதிர்ச் சரிவில் நின்ற புளியமரத்தைக் காட்டினாய். லொறிக்கு வேறு மாவட்டத்தில் வேலை இருந்தது, மழைக்கு முன் ஏப்ரல் கடைசியில் திரும்பி வருவதாகச் சொல்லிப் போய்விட்டது.

திரும்பி வரும்போது காரில் நீ எனக்குச் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய். நிலத்துக்குக் கீழே தண்ணீர் தேடும் உன் கருவி முதலிலிருந்தே புளியமரத்துப் பக்கம்தான் காட்டியது, பாறையில் வெடிப்பு அங்கேதான் ஓடுகிறது. பள்ளிக்கூடத்தில் அது மங்கலாகத்தான் காட்டியது. "பிறகேன் பள்ளிக்கூடத்தில போட்டனி?" என்றேன். சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "பிள்ளையளுக்குக் கிட்ட எண்டு எல்லாருக்கும் சந்தோசம். வாத்தியாருக்குச் சந்தோசம், மஸாலோவுக்குச் சந்தோசம். சிலவேளை வரும் எண்டு நானும் நினைச்சன். இல்லை எண்டு சொல்ல ஏலாமப் போச்சு அம்மா." அப்போதுதான் எனக்கு அந்தத் தேக்கு மரத்தடிப் பகிடி நினைவுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவுக்கு எல்லாம் சொன்னேன். முகத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்ட கதைக்குக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். வறண்ட துளைக்கு மட்டும் கோபம் வந்தது. "எங்கட காணியில எங்க கிண்டினாலும் தண்ணி. கிண்டினா வரும்தானே? அதுக்கு ஆஹென் யூனிவர்சிற்றியில அவ்வளவு வருசம் படிச்சவனுக்கு வராதோ?" அவருக்கு உலகம் முழுவதும் சுண்ணக்கல்லில் மிதக்கிற ஒரு யாழ்ப்பாணம். ஆற்றைக் காணாமலே வளர்ந்தவர், தண்ணீர் என்றால் கால்களுக்குக் கீழே எப்போதும் இருக்கும் ஒன்று. நான் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த பிட்டில் சொதியை ஊற்றினேன். "பாருங்கோ, எங்க போச்சு?" "கீழ போச்சு." "இதுதான் எங்கட நிலம். எங்க தோண்டினாலும் அடியில நிக்கும்." பிறகு பிட்டை ஒதுக்கி வெறும் பீங்கான் தட்டில் ஊற்றினேன். சொதி ஓடி விளிம்பில் நின்றது. "இது அங்கத்தை நிலம். பீங்கானுக்குள்ள தண்ணி போகாது. எங்கயாவது வெடிச்சிருந்தா அந்த வெடிப்புக்குள்ள நிக்கும். உங்கட மகன் தேடுறது அந்த வெடிப்பைத்தான்." அவர் பீங்கானை உயர்த்தி வெளிச்சத்தில் பார்த்தார். விளிம்பில் மயிர் போல ஒரு வெடிப்பு இருந்தது, இவ்வளவு நாளும் நாங்கள் கவனிக்கவில்லை. "இதை அவன் என்னெண்டு மேல நிண்டு பிடிப்பான்?" என்றார். அதுதான் தொடக்கம். அதன் பிறகு பஸ் ஓட்டிவிட்டு வீட்டுக்கு வரும் ஒவ்வொரு நாளும், சப்பாத்தைக் கழற்ற முன்பே, "அந்த ரெண்டாவது துளை என்ன மாதிரி?" என்பார். லொறி இன்னும் வரவில்லை என்று தெரியும். தெரிந்துகொண்டே கேட்பார். உன்னைப் பற்றி நேரே விசாரிக்க அவருக்கு வராது, துளையைப் பற்றி விசாரிப்பார்.

ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். திங்கள், செவ்வாய் எல்லாம் வந்தார், சாப்பிட்டார், படுத்தார். எனக்கு வீட்டில் ஏதோ ஒரு மணிக்கூடு நின்றுவிட்டது போல இருந்தது. நானும் உனக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். எனக்கு நீ எர்லாங்கனுக்கு வரவேண்டும் என்ற ஆசை இருக்கிறது, அதை மறைக்கமாட்டேன். சைக்கிளில் வேலைக்குப் போய், பெருநாளுக்கு ரயிலில் வீட்டுக்கு வருகிற மகன் வேண்டும் என்று எந்தத் தாய்க்கு இருக்காது? நீ காய்ச்சலில் படுத்தால் மஸாலோதான் பார்ப்பா, நானல்ல. ஆனால் நான் எழுத உட்காரும்போதெல்லாம் பள்ளிக்கூட வளவில் பறந்த அந்தச் சாம்பல் மா கண்ணுக்குள் வந்தது.

ஆகவே நான் சொல்வது இதுதான், தம்பி. எங்களுக்குச் சந்தோசம் என்பதற்காக எர்லாங்கனில் துளை போடாதே. மஸாலோவுக்குச் சந்தோசம் என்பதற்காகக் காராவிலும் போடாதே. அவ "அடுத்தது எங்கே" என்று கேட்ட முகத்தை நானும் பார்த்தேன், அந்த முகத்துக்கு இல்லை என்று சொல்வது லேசல்ல என்று தெரியும். எங்கள் முகங்களுக்குச் சொல்வதும் லேசல்ல. நீ சின்ன வயதிலிருந்தே எல்லோருக்கும் ஓம் சொல்கிற பிள்ளை, அதை நாங்கள் நல்ல பிள்ளை என்று புகழ்ந்து வளர்த்தோம். உன் கருவி எங்கே தெளிவாகக் காட்டுகிறது என்று நீ மட்டும்தான் பார்க்க முடியும். பார்த்துவிட்டு, மங்கலான பக்கத்துக்கு முதலில் இல்லை என்று சொல். அது எந்தப் பக்கமாக இருந்தாலும் சொல். என் விருப்பத்தைக் கேட்டாய் அல்லவா? எனக்கு நீ கிட்ட இருப்பதைவிட ஒன்றே ஒன்று கூடுதலாக வேண்டியிருக்கிறது, அந்தப் புளியமரத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியவேண்டும். உனக்கும் அப்படித்தான் என்றால், பதில் உன்னிடமே இருக்கிறது. உனக்கு அப்படி இல்லை, அந்த ஆவல் எனக்கு மட்டும்தான் என்றால், வெட்கப்படாமல் எர்லாங்கனுக்கு வா, நான் பிட்டு அவித்து வைக்கிறேன்.

இதை எழுதி முடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். நேற்றுப் பின்னேரம் அப்பா வேலையால் வந்து மேல்தட்டில் இருந்த கோப்பி டின்னை எடுக்கக் கையை உயர்த்தினார், உயரவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு மற்றக் கையால் எடுத்தார்.

"என்ன கைக்கு?"

"ஊசி போட்டது. நோகுது."

"என்ன ஊசி?"

"மஞ்சள் காய்ச்சல் ஊசி. அது போடாட்டி அந்த நாட்டுக்குள்ள விடமாட்டினமாம். டொக்டரிட்டை டெர்மின் கிடைக்கிறதே பெரும்பாடு." கோப்பியைக் கலக்கினார், என் பக்கம் திரும்பவில்லை. "ஏப்ரல் கடைசியில லொறி வருகுது எண்டனீர். ரெண்டு கிழமை லீவு கேட்டிருக்கிறன்."

"மகன் எர்லாங்கனுக்கு வந்திட்டா?"

"வந்தா வரட்டும். நான் போய்ப் பாக்கிறன், அந்த வெடிப்பில தண்ணி கிடக்கோ இல்லையோ எண்டு." கொஞ்ச நேரம் கழித்து, கதவடியில் நின்று, நோகிற கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அவனுக்கு எழுதேக்கை இதையும் எழுதும். நான் உம்மை மாதிரி இல்லை. நான் வாய் வைச்சுத்தான் குடிப்பன்."

அம்மா